சூட்டு ரூமும் சூட்டுப்பாலும்

இராமநாதபுரத்தில், சித்திரை வெயிலில், மனிதர்களை வியர்க்க வைப்பதற்கென்று ஒரு யோகா நிலையம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரிக்கவில்லை. சிரித்தால் இடுப்பு வலித்தது.

மகள் பிறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. அதன் பிறகு குனிந்தால் பாதியில் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் பாயில் கிடந்தவளைத் தூக்கக் குனிந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. அவள் என்னைப் பார்த்து அழுதாள். நான் தரையைப் பார்த்து அழுதேன். பேத்தியின் காதுகுத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஓடி வந்து முதலில் அவளைத் தூக்கினார், பிறகு என்னை நிமிர்த்தினார்.

அன்றோடு அவர் ஊருக்குத் திரும்புவது நின்றுபோனது. ஊர் உப்பூர்ப் பக்கம். காட்டில் குண்டு மிளகாய் பழுத்துக் கிடந்தது. தினமும் காலையில் மாமா போன் செய்வார். அத்தை என் பக்கத்தில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வார்.

"இவ பிள்ளையத் தரையிலருந்து தூக்குற அன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் பழம் செடியிலேயே காயட்டும்."

ஆக, ஒரு பருவத்து மிளகாய் முழுக்க என் இடுப்பை நம்பி நின்றது.

யோகா நிலையத்துச் சுவரில் அகச்சிவப்பு வெப்பத்தின் ஏழு பயன்கள் எழுதியிருந்தன. தசைகள் இளகும், மூட்டுகள் தளரும், தோல் பளபளக்கும், உடலின் நச்சு வெளியேறும், தூக்கம் வரும், எடை குறையும், மனம் அமைதியடையும். நான் இரண்டு முறை வாசித்தேன். பால் கொடுக்கிறவள் வரலாமா கூடாதா என்று எங்கும் இல்லை. போனில் தேடினேன். ஒரு பக்கம் வரலாம் என்றது. இன்னொன்று கூடவே கூடாது என்றது. மூன்றாவது எனக்கு யோகா பாய் விற்கப் பார்த்தது. கடைசியில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தண்ணி நல்லாக் குடிங்க, தலை சுத்துனா உடனே வெளிய வந்துருங்க, ரொம்ப நேரம் இருக்காதீங்க" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது, ஆஸ்பத்திரிப் படி இறங்கும் வரைக்கும்.

பயிற்சியாளர் மதுரைப் பெண். என்னைவிட இளையவள். கூரையில் பதித்திருந்த கறுப்புத் தகடுகளைக் காட்டி விளக்கினாள்.

"இது காத்தைச் சுட வைக்காது மேம். நேரா உடம்புக்குள்ள போகும். சூரியன் மாதிரியே."

ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் சூரியன் சும்மாதான் இருந்தது. ஆனால் நான் படித்தவள். படித்தவர்களுக்கு வெயிலும் தகட்டிலிருந்து வந்தால்தான் நம்பிக்கை.

முதல் நாள் பத்து நிமிடத்தில் நனைந்துவிட்டேன். முழங்காலும் கையும் ஊன்றி, பூனை போல முதுகை வளைத்து, பசு போல இறக்க வேண்டும். மனம் அமைதியடைய வேண்டிய நேரத்தில் என் மனம் வரிசையாகக் கேட்டது: அடுப்பை அணைத்தேனா, பாப்பாவுக்கு நகம் வெட்டினேனா, இந்தச் சூடு பாலுக்குப் போகுமா. கண்ணை மூடிப் படுத்திருந்த கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தூங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அத்தை.

"அங்கனயே நில்லு. பிள்ளையத் தொடாத. வெந்துபோயி வந்திருக்கே. சூட்டுப்பாலக் குடுத்தா பிள்ளைக்கு வயித்தால போகும். குளி, ஆறு, மொதப் பாலப் பீச்சி விட்டுட்டு அப்பறம் குடு."

பால் உடம்புச் சூட்டில்தான் எப்போதும் இருக்கும், அறைச் சூட்டில் கொதிக்காது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு தடவை வயிற்றால் போனால் போதும், என் படிப்பு அத்தனையும் அந்தத் துணியோடு துவைக்கப் போய்விடும். அதனால் குளித்தேன், ஆறினேன், பீச்சிவிட்டேன். உள்ளே பாப்பா வீடு இடிகிற மாதிரி அழுதாள். வாரம் மூன்று நாள், மூன்று வாரமாக இதுதான் நடந்தது. சுவரில் எழுதியிருந்த மன அமைதி இந்த இடைவெளியில்தான் எனக்கு வந்திருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் பேச்சு வாங்கினேன். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வண்டியில்தான் வரும். நான் இரண்டு பெரிய பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு கிளம்புவதை அத்தை இடுப்பில் கைவைத்துப் பார்ப்பார்.

"நல்ல தண்ணியா வாங்கிக் குடிச்சு, உப்புத்தண்ணியா ஊத்திட்டு வாரவள இங்கனதான் பாக்குறேன். வேர்க்கணும்னா சொல்லுத்தா. காட்டுக்கு வா, நாலு நிரை பழம் பறி."

என் கணவர் நடுநிலையாளர். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மின்விசிறிக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொள்வார்.

இதற்கிடையில், அத்தை காட்டுக்குப் போக முடியாததால் காடு அத்தையிடம் வந்தது. மாமா இரண்டு மூட்டைப் பழத்தைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். மொட்டை மாடி சிவந்து கிடந்தது. வீடு முழுக்க நெடி. தும்மும்போது இடுப்பு வலிக்கிறதா என்று நான் ஒவ்வொரு தடவையும் கவனித்துக்கொண்டிருந்தேன். குறைந்த மாதிரியும் இருந்தது, நானாக நினைத்துக்கொள்கிற மாதிரியும் இருந்தது. ஆனால் தனியாகக் குனிந்து பிள்ளையைத் தூக்கிப் பார்க்கத் துணிவில்லை. பாதியில் நின்றுபோன அந்த நாள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

நான்காவது வாரம் ஒரு மதியம், வகுப்பு பாதியில் இருக்கும்போது காற்று சுழன்றடித்து, வானம் இருட்டி, கரண்ட் போனது. தகடுகள் அணைந்தன. அறையின் சூடு மட்டும் குறைய மறுத்துவிட்டது. பயிற்சியாளர் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அத்தையைக் காணோம், மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மழைக்கு முன் மிளகாயை அள்ளிக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டியிருக்கிறார், மிச்சத்துக்கு மேலே ஓடியிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்துவிட்டாள். பாயை விட்டு இறங்கி, தவழ்ந்து, அந்தச் சிவப்புக் குவியலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பூனையாக வளைந்தேனா பசுவாக இறங்கினேனா தெரியாது. குனிந்தேன். தூக்கினேன். நிமிர்ந்தேன். நிமிர்ந்த பிறகுதான் நிமிர்ந்தது தெரிந்தது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். பிஸ்கட் வாசனைதான். மறுபடியும் மோந்தேன். அவள் பசியில் கத்தினாள். நான் வேர்வை சொட்டச் சொட்ட அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

அத்தை தலையில் கூடையோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"குளிச்சியா?"

"இல்லத்தை."

"பீச்சி விட்டியா?"

"இல்ல. மொளகாகிட்டப் போயிட்டா. பசியில வேற அழுதா."

கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேத்தியைத் தனியே விட்டுப்போனது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்; குரல் தணிந்திருந்தது.

"ஒம் புருசனுக்கு நான் மொளகாக் காட்டு வரப்புல ஒக்காந்துதான் குடுத்தேன். அங்கன எவ குளிச்சா?"

"அப்ப என்னைய எதுக்கத்தை இத்தன நாளா நிக்க வச்சீக?"

"எங்க மாமியாளும் எங்கிட்டச் சொல்லுச்சு. நான் கேக்கல. நீ கேட்டே. கேக்குறவகிட்டதானத்தா சொல்ல முடியும்?"

வெளியே நாலு தூறல் போட்டுவிட்டு மழை போய்விட்டது. அத்தைக்குத் திடீரென்று உறைத்தது.

"இரு. தரையிலருந்தா தூக்குனே?"

பாப்பாவை என்னிடமிருந்து வாங்கிப் பாயில் விட்டார்.

"தூக்கு."

தூக்கினேன். மறுபடி வாங்கிக் கீழே விட்டார். தூக்கினேன். மூன்றாவது தடவை பாப்பாவே இது விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். அத்தை சிரிக்கவில்லை. நேராக உள்ளே போய்க் கொடியிலிருந்த தன் சேலைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"காலையில மொத வண்டிக்குப் போறேன். பாதிப் பழம் வம்பாப் போயிருக்கும்."

அது தகடுகளின் வேலையா, பூனையும் பசுவுமாக வளைந்ததா, ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத இடத்தில் படுத்திருந்ததா, இல்லை மிளகாய் பயமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. எடை குறையவில்லை. தோல் பளபளக்கவில்லை. அத்தை போன அன்று மதியம் வழக்கம்போல இரண்டு பாட்டிலையும் நிரப்பிவிட்டேன். பிறகுதான் பாப்பாவை யாரிடம் விடுவது என்று யோசித்தேன்.

இரண்டு வகுப்பு தவறியதும் பயிற்சியாளர் போன் செய்தாள்.

"என்னாச்சு மேம்? இடுப்பு இன்னும் சரியாகலையா?"

"சரியாயிருச்சு" என்றேன், தரையிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டே. "அதான் வர முடியல."