கரிசலில் இறங்கிய ஜாக்கி

உட்கார்ந்துகொண்டே புல் வெட்டுகிற வண்டி ஒன்று இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து போனில் சொன்னபோது நான் சிரித்தேன். எங்கள் பக்கம் புல் முளைத்தால் ஆடு தின்னும், ஆடு விட்டதை வெயில் தின்னும். அதை வெட்ட ஓர் ஆள், ஆளுக்கு ஒரு வண்டி, வண்டிக்குப் பெட்ரோல் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அதே வண்டி பரளச்சியைத் தாண்டி எங்கள் காட்டுக்கே வந்து நிற்கும் என்று யார் கண்டது.

வந்தது. கம்பும் பருத்தியும் விதைத்த மானாவாரி நிலத்தை ஒரு சோலார் கம்பெனி வளைத்து வேலி போட்டது. கண்ணுக்கெட்டிய மட்டும் பேனல். ஐப்பசி மழை பெய்தால் சந்துகளில் முழங்காலளவு புல் எழும்பிவிடும். தை பிறந்து அது காய்ந்தால் ஒரு பீடித் துண்டு போதும், மொத்தமும் எரிந்துவிடும். ஆட்டை உள்ளே விட மாட்டார்கள், வயரைக் கடித்துவிடுமாம். அதனால் வண்டி வாங்கினார்கள். ஓட்டத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான், துபாயில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் அதுதான் அவருக்கு வேலை. நான் இங்கே பேனல் துடைக்கும் வேலையில் இருந்தேன். லீவில் வந்தவரை அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து இந்த வேலையில் நிறுத்திவைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த மாதங்கள் ரொம்பக் கொஞ்சம். நின்றாரே தவிர மனசு இங்கே இல்லை. ஏஜென்ட் போன் செய்தால் வாசலுக்குப் போய்ப் பேசுவார்.

வண்டியின் வயிற்றுப் பக்கம் ஓர் அகலமான இரும்பு மூடி தொங்கும். அவர் அதை டெக்கு என்பார். அதற்குள்ளேதான் பிளேடு சுற்றும். காய்ந்த புல்லை வெட்டினால் தொல்லை இல்லை. ஈரப்புல்லும் கரிசலும் சேர்ந்தால் டெக்கின் உட்புறம் சாணி மெழுகினதுபோல் அப்பிக்கொள்ளும். சுரண்டி எடுக்காவிட்டால் பிளேடு சுற்றாது. சுரண்டுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை உருவி, பிளக் வயரையும் பிடுங்கிவிடுவார். சக்கரத்துக்குக் கல் வைப்பார். ஜாக்கியில் தூக்கியதும் துபாயில் இரண்டு பக்கமும் இரும்பு முட்டு கொடுப்பார்களாம், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாதாம். இங்கே முட்டு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் என்றார்கள். ஷெட்டில் சிமெண்டுத் தரையாவது இருந்தது, அங்கே வைத்துப் பலகை அடுக்கிச் சமாளித்தார்.

அன்றைக்கு வண்டி ஷெட்டுக்கு வெகு தூரத்தில் மக்கர் செய்தது. பிளேடு நின்றுவிட்டது, பெல்ட்டில் கருகல் வாடை. மறுநாள் பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள், அந்தப் பக்கம் முடிந்தே ஆக வேண்டும் என்று சூப்பர்வைசர் காலையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வாசல் கேட்டுப் பக்கம் போயிருந்தார்கள். நான் அவருக்குத் தூக்குச்சட்டியோடு போனேன். முதலில் சாப்பிடுங்கள் என்றேன், கேட்கவில்லை. சாவியை உருவி என் கையில் கொடுத்தார், பிளக் வயரைப் பிடுங்கினார். தரையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். நானும் மிதித்துப் பார்த்தேன். மேலே காய்ந்து வெடித்து, கல்லாட்டம் இருந்தது. ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் ஜாக்கியை ஏற்றினார். மழை நின்று சில நாள்தான் ஆகியிருந்தது. மேலே காய்ந்த கரிசல் அடியில் களியாகத்தான் இருக்கும் என்று இந்த மண்ணில் பிறந்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

குச்சியால் சுரண்டினார். பேனல் வேலை பார்த்தவர்கள் போட்டுவிட்டுப் போன கட்டுக்கம்பி பிளேடில் சுற்றியிருந்தது. குச்சிக்கு அது வரவில்லை. படுத்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டார். செங்கல் ஒரு பக்கம் மெல்லச் சரிவதை நான் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் ஜாக்கி சாய்ந்து வண்டியின் முன்பக்கம் இறங்கிவிட்டது.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு வண்டியின் முன்கம்பியைப் பிடித்துத் தூக்கினேன். எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியாது, நாலு விரற்கடை எழும்பியது. "எடுங்க" என்றேன். எடுக்க முடியவில்லை. பிளேடு திரும்பியதில் கம்பியின் ஒரு வளையம் மணிக்கட்டில் விழுந்து இறுகியிருந்தது. பிளேடின் கூர் அதை ஒட்டி நின்றது. நான் விட்டால் அந்தக் கூர் கையில் இறங்கும்.

ஆகவே நான் விடாமல் நின்றேன். யாராவது வாங்க என்று கத்தினேன். பேனல் கரண்ட்டை மாற்றுகிற இன்வெர்ட்டர் பெட்டிகளின் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. சீட்டின் மேல் அவர் போன் அடித்து, நின்று, மறுபடி அடித்தது. எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. இடுப்பு விட்டுப்போனது. கண்ணில் வியர்வை இறங்கி அவர் முகம்கூடத் தெரியவில்லை. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல், கம்பி போட்டவன்மேல், எல்லாவற்றையும்விட என்மேல். இவரை அங்கேயே விட்டிருந்தால் சிமெண்டுத் தரையில் முட்டு கொடுத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மண்ணில் கொண்டுவந்து படுக்கவைத்தது யார்?

"என்னங்க, முடியல. கை வழுக்குது."

"இந்தா, இன்னும் ரெண்டு சுத்துதேன். பேசாம புடி."

இடது கையைக் கொடுத்துத் தடவித் தடவி அவர் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமி என்றுகூட நினைக்கவில்லை. இந்தக் கை முழுசாக வெளியே வரட்டும், அவரைத் திரும்ப அனுப்பிவிடுகிறேன், இனித் தடுக்க மாட்டேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கை வந்தது. வந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் நான் முன்கம்பியை விடவில்லை. என் விரல்களைப் பிரித்து எடுத்ததுகூட அவர்தான். மணிக்கட்டில் ஆழமான வெட்டு, என் சேலை முழுக்க ரத்தம். கேட்டுக் காவலாளி பைக்கில் நடுவில் அவரை வைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டார்கள். நரம்பு தப்பியது தெய்வாதீனம் என்றார் டாக்டர். விரல் மடங்கவே வாரக்கணக்கில் ஆனது. அதுவரை நான்தான் சோறு ஊட்டினேன்.

கை குணமான பிறகு ஏஜென்ட் போன் செய்தார். இந்தத் தடவை அவர் வாசலுக்குப் போகவில்லை. என் எதிரிலேயே, வரலை, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். இத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஆனால் என் கண் அவர் மணிக்கட்டுத் தழும்பில் போய் நின்றது.

"போங்க" என்றேன். "போகணும். சாமிகிட்ட சொல்லிட்டேன்."

பைத்தியமா உனக்கு என்று திட்டினார். பிறகு கெஞ்சினார். வேண்டினது நீதானே, மாற்றி வேண்டிக்கோ என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். என்னால் முடியவில்லை. வாக்கைக் கேட்டுத்தான் அந்தக் கை திரும்பி வந்தது, மீறினால் அது மறுபடி போய்விடும் என்று எனக்குப் பயம். படித்தவர்கள் சிரிக்கலாம். அந்த முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். நானே பெட்டி கட்டினேன், நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போதும் அதே ஹோட்டலில் அதே வேலை. வேலை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று அவர் ஆரம்பிப்பார்.

"சோத்தாங்கையக் காட்டுங்க" என்பேன்.

சில நாள் கேலியாக இடது கையை நீட்டுவார். நான் சிரிக்காமல் காத்திருப்பேன். தழும்போடு மணிக்கட்டும் ஐந்து விரலும் திரையில் வந்த பிறகுதான், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.