நீலமாகிப்போன பந்துப் பூ

ஓசூரில் ஒரு நர்சரியில் ஹைட்ரேஞ்சியா தொட்டிக்குப் படிகாரத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "இத ஊத்துனா ரோஸ் பூவு நீலமா வரும் தம்பி" என்றார். மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட லைன் வீடுகளின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது.

அங்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மத்தியான வெயில் படாத சுவரோரமாக அம்மா இந்தச் செடியைத்தான் பந்துப் பூ என்று வளர்த்தாள். அரிசி கழுவிய தண்ணீரும் மக்கின சாணமும் அதற்கென்றே போகும், அதன் இலை துவண்டால் அம்மாவின் முகமும் துவண்டுவிடும். ஒருநாள் பக்கத்து வீட்டு ஜெயம்மக்கா அதைப் பார்த்து, "எஷ்டு சென்னாகிதே!" என்று கன்னடத்தில் வியந்துவிட்டாள். கண் பட்டிருக்கும் என்று அன்றே அம்மா வேரடியில் படிகாரத்தைப் புதைத்தாள். அதுவரை ரோஸ் நிறத்தில் பூத்த செடியில் அடுத்து வந்த பூவெல்லாம் நீலமாகப் பூத்தது.

"கண்ணு வெச்சி செடியவே மாத்திட்டா பாரு!" என்றாள் அம்மா.

"உன் செடிய வெச்சி நான் சாம்பாரா வெக்கப்போறேன்?" என்று ஜெயம்மக்கா கத்தினாள்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே குழாயடியில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். ஜெயம்மக்கா ஊட்டிவிடும் களி உருண்டையும் எனக்கு இல்லாமல் போனது.

நர்சரியிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஜெயம்மக்கா ஒண்ணும் பண்ணலம்மா. நீ போட்ட படிகாரந்தான் நீலமாக்கிருக்கு."

அம்மா உடனே திருப்பிக் கேட்டாள்.

"நம்ம வீட்டுல நீதான் படிச்சவன், நீயே சொல்லு. அவ கண்ணு வெக்காம இருந்தா நான் எதுக்குடா படிகாரம் பொதைக்கப்போறேன்?"