முதல் சிரட்டை

பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கும்போது தொம்மை கண்ணை மூடிக்கொள்வார். விரலை மடக்கி மூன்று தட்டு. பிறகு காதை ஒட்டவைத்து ஒரு தட்டு. "இது பேசுது" என்றால் வாங்குவார். "ஊமை" என்றால் கீழே வைத்துவிடுவார். மார்கழி பிறந்ததும் ஏரல் சந்தை வியாபாரிகள் அவருக்கென்று நாலு காயை ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாலையும் தட்டிவிட்டு ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு போவது அவர் வழக்கம்.

ஆற்றைக் கடக்கத் தோணி தள்ளுவது அவருக்குப் பிழைப்பு. பிறந்தது புன்னைக்காயல், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். கடலை விட்டுவிட்டு ஏன் ஆற்றுக்கு வந்தீர் என்று கேட்டால், "கடல்ல போக வேண்டிய தூரமெல்லாம் போய்ட்டு வந்துட்டேன், வே" என்பார். உண்மைதான். இருபது வயதில் காரைக்காலில் கப்பலேறி, பிரெஞ்சுக்காரன் தீவொன்றில் ஐந்து வருஷம் கரும்பு வெட்டி முதுகு ஒடிந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பாய்மரக் கப்பலில் ஒட்டிக்கொண்டு, அதே கடலில் உள்ள ஐத்தி என்ற தீவில் போய் இறங்கினார். அங்கே காய்ச்சலில் விழுந்தவரைக் கறுப்பர் குடும்பம் ஒன்று வீட்டில் கிடத்திக் காப்பாற்றியது. இரண்டு வருஷம் அவர்களோடு இருந்தார். ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு பண்டிகையும்தான்.

பண்டிகை ஜனவரி முதல் தேதி. ஐத்திக்காரர்கள் வெள்ளைக்காரனிடம் அடிமையாய்க் கிடந்து, சண்டை போட்டு, சுதந்திரம் அடைந்த நாள். அன்றைக்கு அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு பூசணி சூப்பு கொதிக்கும்.

"தொர வீட்டுக்கு அந்தச் சூப்ப இவங்கதான் காய்ச்சணும். காய்ச்சுனவன் நாக்குல ஒரு சொட்டு படக்கூடாது. பட்டா சவுக்கடி. சுதந்திரம் கெடச்ச அன்னைக்கு மொத வேலையா என்ன செஞ்சாவ? காய்ச்சுனவங்களே மொதல்ல குடிச்சாவ!"

இதைச் சொல்லும்போது தோணி நடு ஆற்றில் நிற்கும். கழியை ஊன்றிக்கொண்டு, கதை முடியும் வரை நகர மாட்டார். தாலுகா கச்சேரிக்கு அவசரமாகப் போகிறவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாக வேண்டும்.

இருபது வருஷமாக ஜனவரி முதல் தேதி பூசை முடிந்து வந்ததும், தோணித்துறை மருத மரத்தடியில் பானையோடு உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களுக்கெல்லாம் தேங்காய்ச் சிரட்டையில், கறி போட்டுக் காய்ச்சிய பூசணி சூப்பு. எல்லோரும் வாங்கிக் குடிப்பதில்லை; சாதியும் சைவமும் இருக்கின்றனவே. அவர்களையும் தொம்மை விடமாட்டார். "குடிக்காட்டா போவுது. இன்னைக்குச் சுதந்திர நாளுங்கதக் கேட்டுட்டுப் போம், வே."

காய்ச்சுவது அவர் மனைவி அமலோற்பவம். அதனால் முதல் சிரட்டை அவளுக்குத்தான் என்று தொம்மை சட்டம் வைத்திருந்தார். அவளோ ஒரு வருஷம்கூட அதை வாங்கியதில்லை. "ஆம்பளைய நிக்கையில நான் மொதல்ல குடிக்கவா? ஊரு சிரிக்கும்" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விடுவாள். அந்தச் சிரட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தொம்மை மற்றவர்களுக்கு ஊற்றுவார். எல்லோரும் போன பிறகு, ஆறிப்போனதைத்தான் அவள் குடிப்பாள். ஊருக்கெல்லாம் சுதந்திரம் பேசுகிறவருக்குத் தன் வீட்டில் இது ஒன்று நடக்கவில்லையே என்று உள்ளூர வருத்தம்.

இந்த 1909ஆம் வருஷம் கதை வேறாகிவிட்டது. போன மார்ச்சில் சுதேசித் தலைவர்களைப் பிடித்துப்போட்டதற்காகத் திருநெல்வேலியில் கலகம் நடந்து, கட்டடங்கள் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த பிறகு, ஜனங்கள் சில சொற்களை வாய்க்குள்ளேயே விழுங்கப் பழகிவிட்டார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் அமலோற்பவம் அழுதேவிட்டாள்.

"தோணியப் புடுங்கிருவாவ. உங்களப் பாளையங்கோட்டை செயில்ல போட்டுருவாவ. வருசப் பொறப்புன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. உங்க காலப் புடிக்கேன்."

தொம்மை பூசணியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பானையை இறக்கி வைத்ததுமே போலீஸ் ஏட்டு பூதத்தான் துறைக்கு வந்து சேர்ந்தார். பத்துப் பதினைந்து பேர் வெறும் சிரட்டையோடு காத்திருந்தார்கள்.

"என்னவே கூட்டம்? என்னமோ சுதந்திர நாளுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதீராமே?"

எல்லோரும் தொம்மையைப் பார்த்தார்கள்.

"வருசப் பொறப்பு, ஏட்டையா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் சூப்பு ஊற்றினாளே ஐத்திக்காரி, அவள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவமானமாக இருந்தது. ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பம் சரி. ஊத்தும்" என்று பூதத்தான் ஒரு சிரட்டையை எடுத்து நீட்டினார். நீட்டியது சர்க்கார் கை. முதலில் அதில்தான் ஊற்ற வேண்டும். தொம்மை அகப்பையைப் பானைக்குள் விட்டார். தூக்கக் கை வரவில்லை.

மரத்துக்குப் பின்னாலிருந்து அமலோற்பவம் வந்தாள். கூட்டத்துக்கு நடுவே, ஏட்டுக்கு எதிரிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தனக்கென்று ஒதுக்கியிருந்த சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"காய்ச்சுனவ நான். மொதல்ல எனக்கு ஊத்துங்க."

அந்தக் கதையை நடு ஆற்றில் கேட்காதவர் அங்கே யாரும் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. தொம்மை சிரட்டை நிறைய ஊற்றினார்.

அவள் ஊதி ஊதி, அவசரமே இல்லாமல், அடிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அது வரை ஏட்டு, நீட்டிய சிரட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.