துவாதசித் தட்டு

என் மகளின் பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டு எங்கள் சமையலறை அலமாரியில் இன்றும் இருக்கிறது. அவள் பதினோராம் வகுப்பில் இருந்த ஆண்டு நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி என்னிடம் யோசனை கேட்காத வீடு குறைவு. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது எப்படிப்பட்ட வீட்டில் நடந்தது என்பது தெரிய வேண்டும்.

ஓர் ஏகாதசியன்று அவள், "பசியே இல்லப்பா. ராத்திரி தூக்கமும் வரல," என்றாள். அப்போது வந்திருந்த என் தங்கையிடம், குழந்தை விரதம் இருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். தங்கை அவளுக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, "எங்காத்துலயும் ஒண்ணு இருக்கே அண்ணா, ஏகாதசி பார்த்துதான் அதுக்கு பீட்சா வேணும்," என்றாள். பிறகு சனிக்கிழமை, திருவோணம் என்று விரத நாள்கள் பெருகின. வீதியில் அவளை மெச்சிப் பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு துவாதசிக் காலையில் என் மனைவி அந்தத் தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். விரதத்தை முடித்துக்கொள்வதற்கான அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் தொடப்படாமல் கிடந்தன. "பாரணை பண்ணாதவ என்ன விரதம் இருந்தா? நீங்களே சொல்லுங்கோ." சாஸ்திரம் அறிந்தவன் நான்; பாரணை இல்லாத விரதம் விரதமாகாது என்பது எனக்குத் தெரியும்.

காவிரிப் பாலத்துக்கு அப்பால், எங்களை அறியாத ஒரு மனநல மருத்துவரிடம் சென்றோம். மதிப்பெண் குறையவில்லை, குரல் உயர்ந்ததில்லை, தவறாமல் கோயிலுக்குப் போகிறாள், ஆகவே நோய் ஏதுமில்லை என்றேன். பல மாதங்களாக எதுவும் ருசிக்கவில்லை, அழக்கூட வரவில்லை என்றாள் அவள். மருத்துவர் இருவரையும் மறுக்கவில்லை. நான் சொன்னது வெளியே தெரியும் அவள் நடத்தையை, அவள் சொன்னது தன் மனநிலையை; இரண்டும் ஒத்துப்போகாத வீடுகளே அதிகம் என்றார். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன்.

"சொன்னேனேப்பா. நீங்க அதுக்கு விரதம்னு பேர் வெச்சேள். அப்புறம் ஏன் சாப்பிடலைன்னு யாரும் கேக்கல. எனக்கும் அது சௌகரியமா போச்சு."

சிகிச்சை நீண்டது. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தால் அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறாள், ஏகாதசியன்றும். சிறு வயதில் கடும் விரதம் இருந்ததால்தான் அவள் மனம் பாதிக்கப்பட்டது என்று என் தங்கை உட்பட உறவினர் சிலர் கல்யாண வீடுகளில் சொல்லிவருவதாக அறிகிறேன். அது தவறு. என் மகள் ஒரு நாளும் விரதம் இருந்ததில்லை.