சூடாமணிக்கு மிச்சமிருந்த ஒரே எழுத்து

1995. மயிலாப்பூர் டிடிபி சென்டர் ஒண்ணுல சூடாமணிக்கும் எனக்கும் அடுத்தடுத்த கம்ப்யூட்டர். வேலை நேரத்துல கல்யாணப் பத்திரிகை அடிப்பா, லஞ்ச் டைம்ல அவளோட சொந்த ஃபான்ட். சாந்தோம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துல நூறு வருஷத்துக் கல்லுல வெட்டின தமிழ் எழுத்தைப் பார்த்துட்டு, அதே தடிமன், அதே வளைவுல ஒண்ணு பண்ணணும்னு ரெண்டு வருஷமா கல்லு மேல பட்டர் பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துண்டு அலைஞ்சா. ‘ஞ’ மட்டும் கிடைக்கல. அவளே வரைஞ்சு பார்த்தா, மத்த எழுத்தோட ஒட்டவே இல்ல.

அக்டோபர் முப்பத்தொண்ணு காலைல ரெண்டு பேருமா தேடினப்போ, கடைசி வரிசையில புல்லுக்குள்ள கிடைச்சுது. ‘ஞானப்பூ அம்மாள், 1891’.

ஆனா ரெண்டு நாள்ல கல்லறைத் திருநாள். குடும்பம் குடும்பமா வந்து கல்லைக் கழுவி எழுத்துக்குள்ள கறுப்பு பெயிண்ட் ரொப்பிடுவாங்க. போன வருஷப் பெயிண்ட் உதிர்ந்து இப்பதான் தெரியற உளித் தடம் மறுபடி மூடிடும். பெயிண்டர் சேட்டு நாலு கல்லு தள்ளி உக்காந்திருந்தார்.

முந்தின நாள் மழை. ஈரக் கல்லுல பேப்பர் கிழிஞ்சுது. போட்டோ எடுக்கலாம்னா பாசியில எழுத்து எடுப்பாத் தெரியல. சட்டுனு சூடாமணி கைப்பையிலிருந்து கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்துத் தேய்ச்சா. ஞ வெள்ளையா எழும்பி நின்னுது.

“இன்னாம்மா பண்றே?”

பின்னாடி பக்கெட்டோட ஒரு பெரியவர், அய்யாதுரை. அவங்க குடும்பத்துக் கல்லாம் அது.

“எங்க பூட்டிக்கு விபூதி பூசறியா? நூறு வருசம் கழிச்சு மதம் மாத்தறியா நீ?”

சேட்டு எழுந்து வந்தார். “விடு நைனா, பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுடும்.”

“மறைஞ்சா? உள்ள கீதே!”

சூடாமணிக்கு முகம் வெளுத்துப் போச்சு. “தப்புதான் மாமா. இந்த ஒரு எழுத்து எனக்கு வேணும், வேற ஒண்ணும் தோணல.”

“கேமராவை உள்ள வை. நீதானே பூசினே, நீயே கழுவு. ஒரு பொட்டு இருக்கக் கூடாது.”

மண்டி போட்டு, ஆள்காட்டி விரலால பள்ளம் பள்ளமா கழுவினா. முதல் தடவை அழுதுண்டே. ரெண்டாவது தடவை அழுகை நின்னுது. மூணாவது தடவை விரல் மெதுவாச்சு, எங்க ஆழம், எங்க உளி திரும்பிச்சுன்னு தடவிப் பார்த்துண்டு. கல்லு எப்பவோ சுத்தமாயிடுச்சு.

“ஆச்சாம்மா?” சேட்டு பிரஷ்ஷைத் தோய்ச்சுண்டு நின்னார்.

“இன்னும் கொஞ்சம்.”

அப்புறம் பெயிண்ட் இறங்கிச்சு.

பஸ்ஸுல அந்த விரலை மட்டும் தனியாத் தூக்கிப் பிடிச்சிருந்தா. சென்டருக்கு வந்ததும் ஒரே மூச்சுல வரைஞ்சா. அழகா வந்திருக்குன்னு நான் குதிச்சேன். “அந்தப் பெரியவர் பார்க்காம ஃபான்ட்டுல சேர்க்க மாட்டேன்”னுட்டா.

திருநாள் அன்னிக்கு பிரிண்ட் அவுட்டோட மறுபடி போனோம். மெழுகுவத்தி ஏத்திண்டிருந்த அய்யாதுரை, ‘ஞானப்பூ’ன்னு இருந்த தாளை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சார். அந்த ஞ மேல விரலை வெச்சு மெதுவா இழுத்தார்.

“வருசா வருசம் கழுவறவன் நான். வாலு இவ்ளோ நீளம் கிடையாது பாப்பா.”

சூடாமணி காதுல செருகியிருந்த பென்சிலை எடுத்தா.

“வாலு எங்க நிக்கறது மாமா, காட்டுங்கோ.”