பசித்த ட்ரோனின் அலறல்

கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு சைக்காலுக்குக் குரல் திரும்பவே இல்லை. ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் இருப்பவரிடம் பேச அது போதும். ஓடைக்கு அக்கரையில் மேயும் ஆடுகளை அழைக்கப் போதாது.

"இந்தக் கோடைக்கு மலைக்கு வந்து பாரு" என்றார் கணவர். "மந்தை உனக்குத் திரும்பலேன்னா அடுத்த வருசம் கீழ வீட்டுலயே இரு. எனக்கும் மனசு கேக்கல, ஆனா என்ன பண்றது?"

மலைமேல் இருக்கும் சூசாமிர் மேய்ச்சல் வெளி இல்லாத கோடையைச் சைக்காலால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொழுந்தன் குபாத் நகரத்தில் செல்போன் பழுதுபார்ப்பவன். கிடைத்த உதிரிகளைச் சேர்த்து ஒரு ட்ரோன் செய்து தந்தான்.

"இனிமே இதுதான் உங்க தொண்டை, ஜெங்கே!" என்றான். அண்ணியை அவன் அப்படித்தான் அழைப்பான்.

"உன் அண்ணன் என்னைக் கத்தாதேன்னு இத்தனை வருசம் கெஞ்சினாரு" என்று கிசுகிசுத்தாள். "இப்ப நீ கத்தறதுக்கு மெஷின் குடுக்கற."

கோடை நன்றாகவே போனது. மாலையில் அவள் அதைப் பறக்கவிடுவாள். பேட்டரி தீரப்போகும்போது அதிலிருந்த எச்சரிக்கை மணி காது கிழிய அலறும். உடனே இக்கரையில் இருந்த தங்கள் கூடாரத்துக்குத் திருப்பிவிடுவாள். ஆடுகளும் பின்னாலேயே வந்து, கற்களின் மேல் அவள் தூவி வைத்த உப்பை நக்கும். இறக்கைச் சத்தத்துக்கு அஞ்சித்தான் வருகின்றன என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

கோடை முடியும் தறுவாயில் அது பாறையில் மோதி இறக்கை முறிந்தது. குபாத் கடையில் வாங்கிய புதியதோடு வந்து சேர்ந்தான். சத்தமே போடாது, பேட்டரி லேசில் தீராது. அன்று பிற்பகலே மேல்மலையில் கருமேகம் திரண்டது. அங்கே ஆலங்கட்டி கொட்டினால் ஓடை பெருகிவிடும். மந்தையோ அக்கரையில். சைக்கால் புதிய ட்ரோனை அனுப்பினாள். ஆடுகள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

மந்தையை ஓட்டிவரக் கணவர் குதிரைக்குச் சேணம் பூட்டினார். அடுத்த வருசம் தனக்குக் கீழ வீடுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"சனியன், இதுக்குப் பழைய இறக்கையை மாட்டினாலாவது இரையும்" என்று புலம்பியபடி குபாத் பழையதைக் கழற்றினான். ஒயர் தீரும் நிலையில் இருந்த பேட்டரியில் பட்டதும் எச்சரிக்கை மணி அலறியது.

அக்கரையில் கிழட்டுப் பெண்ணாடு தலையைத் தூக்கியது.

"கழட்டாதே!" என்றாள் சைக்கால். அவன் காதில் விழவில்லை. பிடுங்கிக்கொண்டாள். அலறும் அந்தக் கூட்டைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடைக் கரைக்கு ஓடினாள். கிழட்டு ஆடு தண்ணீரில் இறங்கியது. பின்னால் மொத்த மந்தையும் இறங்கியது.

குபாத் வாயைப் பிளந்தான். "நான் பேட்டரிக்காக வச்சது, ஜெங்கே! இதுங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யந்திரம் தன் பசிக்குக் கத்தியது. ஆடுகள் அதைத் தங்கள் உப்புக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டன. நடுவில் நின்ற அவளுக்கே அதுவரை அது தெரியவில்லை.

கடைசிக் குட்டி கரையேறிய பிறகுதான் முதல் ஆலங்கட்டி அவள் தலைத்துணியில் விழுந்தது. ஆடுகள் உப்பைத் தேடி அவள் பாவாடையை முட்டின.

கணவர் சேணத்தை அவிழ்த்தார்.

"அடுத்த வருசம் உப்பு கொஞ்சம் கூடவே எடுத்துட்டு வரணும்" என்றார்.