வசந்தாவின் தழும்பு

இந்த ஜெர்மன் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் முகப்பருவின்மேல் எவ்வளவு உரிமை! நேற்று பதினான்கு வயது மோனிகா, நான் எடுத்த படத்தோடு கடைக்குள் வந்து, "என் பரு எங்கே?" என்று கேட்டாள். நெகடிவ்வில் பென்சிலால் தடவி மறைத்துவிட்டேன், அதற்குத் தனிக்கூலி வேண்டாம் என்று அரைகுறை ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன். "அப்படியென்றால் இது நானில்லையே" என்று படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்பத்தூர்ப் பக்கத்தில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். எனக்கோ அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த லென்ஸையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் இருந்தவரை ஆவடி ஸ்டுடியோவில் எனக்கு இந்த டச்சிங் வேலைதான். எத்தனை பெண்களின் கன்னம் என் பென்சிலால் வழவழப்பானதோ! என் தங்கை வசந்தாவை மட்டும் இருந்தபடியே எடுப்பேன். பன்னிரண்டு வயதிலிருந்து எடுத்தேன்: நிற்காத தாவணியை இடுப்பில் சுருட்டிக்கொண்டு ஒன்று, கணக்கில் தோற்று மூக்கு சிவந்து ஒன்று. திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு விழுந்து தாடையில் தையல் போட்டார்கள். கட்டுப் பிரித்த அன்றே வந்து நின்றாள். "தழும்பு நல்லா தெரியிற மாரி எடுண்ணா" என்றாள்.

அறுபத்தொன்பதில், அவளுக்குப் பதினெட்டு வயதில், வரன் வந்தது. "அந்தத் தழும்ப மட்டும் எட்த்துடு நைனா" என்று அம்மா கெஞ்சினாள். எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன். படம் பிடித்துப்போய்த் திருமழிசையிலிருந்து பெண் பார்க்க வந்த பிள்ளையின் தாயார், காபி கொண்டுவந்தவளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "போட்டோல இது இல்லியேம்மா! இன்னும் இன்னாலாம் மறைச்சிகினு கீறீங்க?" என்று எழுந்துவிட்டாள். வசந்தா அழவில்லை. அவர்கள் போனபின் நேராக என்னிடம் வந்தாள்.

"அவுங்க வேணாம்னு போனது பெர்சில்லண்ணா. நீ கூட இந்த மூஞ்சி வேணாம்னுட்டியே."

வெட்கத்தில் செத்தேன். அதன்பின் அவள் என் கேமராவுக்கு முன் நிற்கவே இல்லை. அடுத்த வருடம் நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதும் கடிதங்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் போடுகிறாள். எனக்கென்றே எடுத்து, போன வாரம் அனுப்பிய குடும்பப் படத்திலும் வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், பின்னல் மட்டும் தெரிகிறது. வேலையை விட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று காலையில் தோன்றுகிறது, போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று மாலையில் தோன்றுகிறது. மூன்று வருடமாக இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறேன். எவனுக்கு எப்போது மீசை அரும்பியது, எவளுக்கு எப்போது பல்வரிசை சீரானது என்று பெற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வயதில் என் தங்கை எப்படியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.